இழையில் ஒளி இருக்கிறதா?

திருச்சி பாலக்கரையிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது நவல்பட்டு. அங்கே எல்காட் வளாகத்தில், தமிழக அரசின் கணிப்பொறித் தரவுகளுக்கு மறுபடி வைத்துக் காக்கும் பேரிடர் மீட்பு மையம் இருக்கிறது. இத்தகைய பெரிய நிலையங்களில் கணிப்பொறி ஓர் அடுக்கிலும் தரவு வட்டுகள் வேறோர் அடுக்கிலும் இருப்பது வழக்கம். இரண்டையும் இணைக்கும் முறைகளுள் ஒன்று ‘ஃபைபர் சேனல்’. கணிப்பொறியில் செருகப்பட்டு, ஒளியை அனுப்பியும் பெற்றும் வரும் அட்டையே அதன் ‘அடாப்டர்’.

எல்லாம் நன்றாக ஓடும்போது அட்டையை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். முக்கியமான கணிப்பொறிகளுக்கு இரண்டு தடங்கள் அமைப்பார்கள். ஒன்று கெட்டால் மற்றது சுமையை ஏற்கும்; வேலை நிற்காது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இரண்டாவதும் கெடும் நாளில்தான், முதலாவது என்றோ போய்விட்டது என்பது தெரியவரும்!

இனி இயற்பியலுக்கு வருவோம். அனுப்பச் செய்தி இல்லாதபோதும் இழையில் ஒளி அணைவதில்லை. ‘சும்மா இருக்கிறேன்’ என்பது போன்ற வெற்றுக் குறிகளை இரு முனைகளும் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒளி நின்றால், அதுவே ஒரு செய்தி. ஒளி வந்தும் குறிகளின் தாளம் பிடிபடாவிட்டால் அது வேறு கோளாறு. அந்நிலை நொடியில் பத்தில் ஒரு பங்கு நீடித்தாலே, இணைப்பு அற்றதாக அட்டை முடிவு செய்துவிடும். (குறுந்தொலைவு இழைகளில் செல்வது 850 நானோமீட்டர் லேசர் ஒளி. கண்ணுக்குப் புலப்படாது என்று இழைமுனையை உற்றுப் பார்த்துவிடாதீர்கள்.)

யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸில், ‘சிஸ்’ என்னும் அடைவினுள் ‘கிளாஸ்’, அதனுள் ‘எஃப்.சி. ஹோஸ்ட்’ என்று தேடிச் சென்றால் ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் அடைவு இருக்கும். அதிலுள்ள ‘போர்ட் ஸ்டேட்’ கோப்பைப் படித்தால் ‘ஆன்லைன்’ அல்லது ‘லிங்க்டவுன்’ என்று விடை வரும். இது வட்டில் எழுதி வைத்த கோப்பன்று; நீங்கள் கேட்கும் கணத்தில் இயக்க அமைப்பு தரும் பதில். ஏ.ஐ.எக்ஸில் ‘எஃப்சிஸ்டாட்’, சோலாரிஸில் ‘எஃப்சிஇன்ஃபோ’ ஆகிய கட்டளைகள் இதே வேலையைச் செய்யும்.

‘ஆன்லைன்’ என்றதும் திருப்தியடைந்துவிடக் கூடாது. பக்கத்திலேயே பிழைகளின் எண்ணிக்கையும் இருக்கும். அது பதினாறடிமானத்தில் இருப்பதால், ‘10’ என்று கண்டால் 16 என்று கொள்க. ஒளியிழப்பு, ஒத்திசைவு இழப்பு ஆகியவற்றின் எண்கள் நாளுக்கு நாள் ஏறினால், முதலில் இணைப்பியின் முனையைத் துடைத்துப் பாருங்கள். ஒளி செல்லும் உள்ளகத்தின் விட்டம் 50 மைக்ரான்தான். அதை மறைக்க ஒரு தூசி போதும்.