கேட்டவரும் கண்டவரும்

பொழிச்சலூருக்கு அணித்தாகிய மீனம்பாக்கத்தில் வானூர்திகள் நாள்தோறும் வந்திறங்குகின்றன. தொழில்பொருட்டு அயல்நாடு செல்வோர் அவற்றிற் பலர். கணிப்பொறியின் முன் அமர்ந்தே உலகச் சந்தையின் விலைகளை அறியலாகும் இந்நாளில், கடல் கடந்து நேரிற் காண்பதால் யாது பயன் என ஒருவர் வினவலாம். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த இருவருடைய எழுத்துகள் இதற்கு விடை தருகின்றன.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டார்க்குத் தமிழகம் விரிந்து வளரும் சந்தையாக விளங்கியது. பருவக்காற்றின் துணையால் அவர்தம் கலங்கள் சேரநாட்டு முசிறிக்கு வந்தன. யவனர் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு சென்ற செய்தியை அகநானூறும் கூறும்.

அக்காலத்து உரோம அறிஞர் பிளினி, இந்தியாவிற்கு வந்தவரல்லர். நூல்களாலும் பிறர் கூற்றாலும் அறிந்தவர். கி.பி. 77-இல் வெளிவந்த ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில், ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்திற்குக் குறையாத செல்வத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என்று அவர் வருந்தினார். மிளகைப் பொன்போல் நிறுத்து வாங்குவதேன் என்றும் வியந்தார். அவர் கவலை பொருளற்றதன்று. ஆயினும், அச்சரக்குகள் எகிப்தின் வழியே நுழைந்தபொழுது, மதிப்பில் நான்கிலொரு பங்கு உரோம அரசுக்கே சுங்கமாகச் சேர்ந்தது. வெளியே சென்ற பொன்னை எண்ணியவர், உள்ளே வந்த வரியை அவ்விடத்து எண்ணினாரல்லர்.

மற்றொருவர், ‘பெரிப்ளூஸ்’ எனப்படும் கடல்வழி நூலைக் கிரேக்க மொழியில் எழுதிய வணிகர். எகிப்தில் வாழ்ந்த அவர் பெயர் நமக்குக் கிடைத்திலது. ஜூலை மாதத்திற் கலம் செலுத்துக என்கிறார். மிளகு மிகுதியாதலின் பெருங்கலங்கள் செல்கின்றன என்கிறார். நாணயமும் பவளமும் செம்பும் ஈயமும் அங்கு விலைபோகும். கோதுமையோ கலத்திலுள்ளார்க்குப் போதுமான அளவே கொண்டுசெல்லப்படும். அந்நாட்டு வணிகர் அதனைப் பயன்படுத்துவதில்லை என்று குறிக்கிறார்.

இச்சிறு குறிப்பைக் கூர்ந்து நோக்குக. கோதுமை உரோமர்க்கு அன்றாட உணவு. தமக்கு வேண்டுவது பிறர்க்கும் வேண்டும் என்று வீட்டிலிருந்தே கருதியவர், கலம் நிறையக் கோதுமை ஏற்றி இழப்புற்றிருப்பார். சென்று கண்டவர்க்கோ அம்மக்களின் தேவை விளங்கிற்று.

அவ்வணிகரே குமரிக்கு அப்பால், கீழைக்கரையின் கமரா, பொதுகே முதலிய துறைமுகங்களை, மேலைக்கரையைப்போல விரித்துரைத்திலர். அவற்றை அவர் நேரிற் கண்டிலர் போலும் என்பர் ஆராய்ச்சியாளர். காட்சி நின்ற இடத்தில் தெளிவும் நின்றுவிட்டது!

மாணவர்களே! பிளினி தம் நாட்டின் இழப்பை நோக்கினார். வணிகர் பிற நாட்டின் வாழ்வை நோக்கினார். கணக்கும் வேண்டும், காட்சியும் வேண்டும். நாளை நீங்கள் தொழில்பொருட்டு அயல்நாடு செல்ல நேர்ந்தால், அந்நாட்டார் வாங்குவது எவ்வளவு என்று மட்டும் வினவாது, அவர்கள் உண்பதும் உடுப்பதும் வேண்டாது விடுப்பதும் யாவை என்று காண்க. சந்தை என்பது விலைப்பட்டியலன்று, மக்களே சந்தையாவர்.