வெயிலும் எலும்பும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்ப் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நெல்லும் மணிலாவும் பயிராகும் அவ்வட்டாரத்துக் குடியானவர்கள், “வெயிலில் உழைக்கும் நமக்கு ‘டி’ வைட்டமின் குறைவு எங்ஙனம் நேரும்?” என வினவுதல் இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று.

நாம் உண்ணும் சுண்ணாம்புச் சத்தைக் குடல் நன்கு ஏற்றுக்கொள்ளுவதற்கு ‘டி’ வைட்டமின் இன்றியமையாதது. இது குறையின் குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளையும். இந்நோயை ரிக்கெட்ஸ் என்பர். பெரியோர்க்கு எலும்பு மென்மையுற்று, இடுப்பிலும் தொடையிலும் வலி உண்டாகும், தசைகள் தளரும். முதியோர் சிறிது தடுக்கி விழினும் எலும்பு முறியக்கூடும்.

இவ்வுண்மை வெளிப்பட ஆடுகளும் துணை செய்தன. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையின் விவசாய ரசாயன ஆராய்ச்சியாளர்களான ஹார்ட், ஸ்டீன்பாக் என்போர், கொட்டிலில் அடைபட்ட கறவை ஆடுகள் தம் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இழப்பதையும், வெயிலில் உலவியவை அங்ஙனம் இழவாமையையும் 1913-ல் கண்டனர். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலிற் படும்போது இவ்வைட்டமின் உண்டாகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

திருப்பதியில் நடந்து 2007-ல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், நகரத்தாரிடம் மட்டுமன்றிக் கிராமத்தாரிடமும் இக்குறைவு மிகுதியாகக் காணப்பட்டது. உணவிற் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தும், அதனைக் குடல் ஏற்காதபடி தடுக்கும் பைட்டேட் என்னும் தானியப் பொருள் மிகுந்தும் இருந்தன. ஆகவே வெயில் மட்டும் போதாது. உணவும் திருந்த வேண்டும்.

விடியற்காலை வேலை முடித்து நிழலுக்குத் திரும்புவோரும், உடல் முழுதும் மூடி வேலை செய்வோரும் பயன்தரும் கதிரைச் சிறிதளவே பெறுகின்றனர். வீட்டினுள்ளேயே இருக்கும் பெண்டிருக்கும் முதியோருக்கும் அதுவும் இல்லை. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலால் இப்பயன் கிட்டாது.

நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையில் முகம், கை, கால்களிற் சிறிது நேரம் வெயில் படுமாறு இருத்தல் நலம். கோடையில் உச்சி வெயிலில் நெடுநேரம் நிற்பது தகாது. பால், மோர், கேழ்வரகு, முருங்கைக் கீரை, முட்டை, சிறு மீன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்க. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதனை முளைகட்டிக் கொண்டால் பைட்டேட் குறையும். கைக்குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தை வைத்தியர் கூறும் அளவிலேயே கொடுக்க வேண்டும். அளவு மிஞ்சின் இரத்தத்திற் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்திற்குக் கேடு விளையும்.

கால்நடைகளுக்கும் இது பொருந்தும். இருட்டுக் கொட்டிலில் வளரும் கன்றின் கால் வலுவிழக்கும். இச்சத்துக் குறைந்த கோழியின் முட்டை ஓடு மெலியும். கன்றுகளைக் காலாற வெளியே விடுக. வெயிலில் உலர்த்திய புல்லிலும் இச்சத்து உண்டு; ஆதலின் தீவனப் புல்லை நன்கு காயவைத்துச் சேமிப்பது இருவகையில் ஆதாயம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் தம் ஊரில் கால் வளைந்த குழந்தையையோ, ஓயாத இடுப்பு வலியால் எழுந்து நடக்க இயலாத மாதரையோ கண்டால், காலந் தாழ்த்தாது அரசினர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவிப்பாராக. வளரும் பருவத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் நேராகக்கூடிய எலும்பு, முற்றிய பின் மருந்தினால் மட்டும் நேராவது அரிது.