வக்கீல் இல்லாமல் சமரச பேச்சுக்கு போகிறீர்களா? கையெழுத்து போடும் முன் உஷார்!

ஊட்டி:

கைமாத்தாக கொடுத்த ரூ.60 ஆயிரம் திரும்பி வரவில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லை. நீலகிரியில் எஸ்டேட் தொழிலாளி, சிறு விவசாயி, டிரைவர் என்று பலருக்கும் வரும் சிக்கல் இது. இப்படிப்பட்டவர்களுக்கு கைகொடுப்பது சமரச பேச்சும், லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றமும்தான். ஆனால் அங்கே போடும் ஒரு கையெழுத்தை பிறகு மாற்றுவது ரொம்ப கஷ்டம்.

எங்கே போவது?

சில வெளிநாடுகளில் சின்ன தொகை வழக்குகளுக்கு என்றே தனி கோர்ட்டு உண்டு. நீலகிரியில் அப்படி இல்லை. ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூரில் வட்ட சட்டப்பணிகள் குழுக்கள் உள்ளன. வழக்கு போடும் முன்பே இங்கு மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. 15100 என்ற எண்ணில் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

கோர்ட்டில் ஏற்கனவே நடக்கும் வழக்கையும் சமரச மையத்துக்கு அனுப்பலாம். நாட்டிலேயே முதன்முதலாக கோர்ட்டோடு இணைந்த சமரச மையம், 2005-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டில்தான் தொடங்கப்பட்டது.

டி.வி., செல்போன் வாங்கி ஏமாந்தவர்கள் ஊட்டி நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம். அங்கே வக்கீல் இல்லாமல் தாங்களே வாதாடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் மனு கட்டணம் இல்லை. 2019-ம் ஆண்டு சட்டப்படி, இரு தரப்பும் சம்மதித்தால் அங்கும் சமரசம் பேசலாம்.

தீர்ப்பு சொல்ல மாட்டார்

சமரசர் நீதிபதி மாதிரி தீர்ப்பு சொல்ல மாட்டார். இரண்டு பேரையும் உட்கார வைத்து பேசுவார். தேவைப்பட்டால் தனித்தனியாகவும் பேசுவார். பேச்சு முறிந்தால், "அன்றைக்கு 40 ஆயிரத்துக்கு ஒத்துக்கிட்டாரே" என்று எதிராளி கோர்ட்டில் சொல்லிக் காட்ட முடியாது. அங்கே பேசியது ரகசியம். அதனால் மனம் விட்டு பேசலாம்.

வீட்டிலேயே கணக்கு

புறப்படும் முன் ஒரு தாளில் இரண்டு தொகையை எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று, கேட்கும் தொகை. இன்னொன்று, இதற்கு கீழே இறங்க முடியாது என்ற தொகை. இரண்டாவதை எதிராளியிடம் காட்டக்கூடாது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடலூரில் இருந்து ஊட்டிக்கு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. அதையும் சேர்த்து பார்த்தால், இன்றே கைக்கு வரும் ரூ.45 ஆயிரம், பல வருடம் கழித்து வரும் ரூ.60 ஆயிரத்தைவிட சிலருக்கு மேல். அதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

புரோ நோட்டு, பில், பேங்க் பாஸ்புக் ஆகியவற்றின் ஜெராக்ஸ் கொண்டு போக வேண்டும். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது. புரோ நோட்டு கடனுக்கு பொதுவாக 3 வருட கெடு உண்டு. "பேசி முடிக்கலாம்" என்று எதிராளி இழுத்தடிக்கும்போது கெடு தாண்டிவிடக்கூடாது.

அப்பீல் கிடையாது

மக்கள் நீதிமன்றத்தில் எழுதும் உத்தரவு, சிவில் கோர்ட்டு தீர்ப்புக்கு சமம். அதன் மீது அப்பீல் இல்லை. மோசடி போன்ற அபூர்வ காரணம் இருந்தால் மட்டுமே ஐகோர்ட்டுக்கு ரிட் மனு போட முடியும்.

எனவே படிக்க தெரியாதவர்கள், ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்து காட்ட சொல்லி கேட்க வேண்டும். தவணை என்றால் தேதி, தொகை இரண்டும் இருக்க வேண்டும். "ஒரு தவணை தவறினாலும் பாக்கி முழுவதையும் உடனே தர வேண்டும்" என்ற வரியையும் சேர்க்க சொல்ல வேண்டும். பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போட இது உதவும். வாயால் சொன்ன வாக்குறுதி எதுவும் அங்கே செல்லாது.

பிடிக்கவில்லையா?

"முடியாது" என்று சொல்ல முழு உரிமை உண்டு. அதற்கு அபராதம் இல்லை. நடக்கும் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பும். சமரசத்தில் முடிந்தாலோ, கட்டிய கோர்ட்டு கட்டணம் திரும்ப கிடைக்கும்.

தனியாக பேச பயமாக இருந்தால் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் தருகிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண் தொழிலாளி யாரும் இதை கேட்டு வாங்கலாம். கையெழுத்து போடும் முன் கேட்பதுதான் முக்கியம்.