தோட்ட வாயிலும் சங்க உரிமையும்

உடைமை, உரிமை என்னும் இரு சொற்களும் ஓசையால் நெருங்கியவை; பொருளால் வேறுபட்டவை. உடைமை என்பது ஒருவர் தமக்கெனக் கொண்டிருக்கும் பொருள். உரிமை என்பது ஒருவர் பிறரிடம் நியாயமாகக் கோரத்தக்கது. மலாயாத் தோட்ட வாழ்வில் இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதிய இடம் தோட்டத்தின் வாயிலாகும்.

தொழிற்சாலைத் தொழிலாளி மாலையில் வாயிலைக் கடந்து வீடு திரும்புவார். சங்கத்தார் அவரைத் தெருவிலோ தேநீர்க் கடையிலோ சந்திக்கலாம். இரப்பர் தோட்டத்திலோ பால்மரக் காடு, லயம், பள்ளி, கோயில் யாவும் நிறுவனத்தின் நிலத்திலேயே அமைந்திருந்தன. ஆகவே, வெளியாள் நுழைவதைத் தடுக்கும் சொத்துரிமை, தொழிலாளி தம் வீட்டு வாசலில் யாருடன் பேசலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரமாகவும் ஆயிற்று.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகள் ஊதியத்தோடு நின்றுவிடவில்லை. கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்க இசைவு, உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியனவும் அவற்றுள் இருந்தன. துரைமாரின் முன் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பதும் ஒன்று. மே மாதத்தில் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை அழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இதே சிக்கல் இருந்தது. அங்குத் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் நுழைவதற்கென்றே 1970இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டு விதி, சங்க அமைப்பாளர் ஆண்டுக்கு 120 நாள் வரை, நாளொன்றுக்கு 3 மணி நேரம் வரை, பண்ணைக்குள் சென்று தொழிலாளரைச் சந்திக்க இடமளித்தது. 2021இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், 6 நீதிபதிகளுக்கு 3 நீதிபதிகள் என்ற பெரும்பான்மையில், இவ்விதி இழப்பீடின்றிச் சொத்துரிமையைப் பறிக்கிறது எனத் தீர்ப்பளித்தது. ஆனால், வழக்குத் தொடுத்த பண்ணையின் தொழிலாளர் அப்பண்ணை நிலத்தில் குடியிருக்கவில்லை. நம் தோட்டங்களோடு அதனை ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

மலேசிய அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு குடிமக்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை வழங்குகிறது. 13ஆம் பிரிவு சொத்தைக் காக்கிறது. இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை. விளைபொருளையும் எந்திரங்களையும் காக்க உரிமையாளர் வாயிலில் காவல் வைப்பது முறையே. குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், அறிவித்துவிட்டு வரும் சங்கத்தாரால் அவர் நிலத்தை இழப்பதில்லை. அவர்களைத் தடுத்தாலோ, அங்கேயே குடியிருக்கும் தொழிலாளிக்குச் சங்க உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

அத்து என்றால் எல்லை. அதைக் கடப்பது அத்துமீறல். நிலத்திற்கு எல்லை உண்டு. நிலவுடைமையாளரின் அதிகாரத்திற்கும் எல்லை உண்டு. இன்று செம்பனைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோருள் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுதி. நம் முன்னோர் 1941இல் தமக்கெனக் கேட்டதை இவர்களுக்கும் உரியதாக எண்ணிப் பார்ப்பது, அவ்வரலாற்றைப் பயில்வோர் கடன்.