நூற்பட்டியலும் நிரலும்

காளிகாட்டில் நான் தங்கியிருந்த அறையிலிருந்து தேசிய நூலகத்துக்கு நடந்தே போய்விடலாம். கோயிலை அடுத்து ஓடும் ஆதிகங்கையைப் பாலத்தில் கடந்து, அலிப்பூர்ப் பக்கம் சென்றால் பெல்வெடர் மாளிகையின் மரங்கள் தெரியும். 1953 பிப்ரவரி முதல் நாள் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அங்கே அந்நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். இந்தியாவில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படியைப் பதிப்பாளர் அதற்கு அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை அரிதின் தேடிச் சேர்த்த நூல்களும் அங்கேதான் இருக்கின்றன.

இத்தகைய செல்வத்துக்கு அருகில் இருந்தும் நான் ஒரு பிழை செய்தேன். பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் பழம்பதிப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அறையில் இருந்தபடியே வேறொரு நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்தேன். நாவுக்கு வந்தபடி ஆங்கில எழுத்தில் பெயரை இட்டேன். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று விடை வந்தது. ‘அங்கே இந்நூல் இல்லை’ என்று கட்டுரையில் எழுதியும் விட்டேன். அதைப் படித்த என் ஆசிரியர், “தம்பி, நூல் இல்லையா? அல்லது நீ கேட்ட கேள்விக்கு விடை இல்லையா?” என்றார். அந்தக் கேள்வியே என்னை நிரல் எழுத வைத்தது.

முதலில், பட்டியலிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். தேடல் கட்டத்தில் ஒரு சொல்லை இட்டுப் பொத்தானை அழுத்தியதும், கணிப்பொறி பெரும்பாலும் ஒரு நீண்ட முகவரியை எழுதுகிறது. முன்னே நூலகத்தின் முகவரி. அடுத்து ஒரு கேள்விக்குறி. அதன்பின் ‘தலைப்பு இது, ஆசிரியர் இவர்’ என்று நாம் கேட்டவை. அம்முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. எண்குறியாக மாறிப் போகிறது. யூனிகோடு முறையில் ‘தமிழ்’ என்ற சொல் ஐந்து குறிகளால் ஆனது. குறி ஒன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினைந்து பைட்டு ஆகும். இந்த முகவரியை மனிதன் கையால் அனுப்பினால் என்ன, நிரல் அனுப்பினால் என்ன? வருகிற விடை ஒன்றுதான்.

ஆனால் விடையின் வடிவில் வேறுபாடு உண்டு. நாம் காணும் பக்கம் கண்ணுக்காக அழகு செய்யப்பட்டது. அதன் அமைப்பை நூலகத்தார் மாற்றினால் நம் நிரல் திகைத்து நிற்கும். ஆகவே பொறிகள் தமக்குள் பேசிக்கொள்ள எஸ்.ஆர்.யு. என்றொரு பொதுமுறை வகுக்கப்பட்டது. அதன் வழியே வரும் விடை பெரும்பாலும் மார்க் என்னும் பதிவு வடிவில் இருக்கும். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் அம்மையார் வகுத்தது அது. அதில் 100ஆம் புலம் ஆசிரியர் பெயர். 245ஆம் புலம் தலைப்பு. 880ஆம் புலம், இருந்தால், மூலமொழி எழுத்தில் அதே செய்தி. எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று அறிந்த நிரலுக்குப் பக்கத்தின் அழகு தேவையில்லை.

இனி, என் தேடல் ஏன் பொய்த்தது? பல மொழி நூல்களை ஒரே வரிசையில் அடுக்கப் பட்டியலாளர்கள் ரோமன் எழுத்தை மேற்கொண்டனர். தேசிய நூலகத்தின் தலைவராக இருந்த பி.எஸ். கேசவன் 1950களில் தொடங்கிய இந்திய தேசிய நூற்பட்டியலும் அவ்வாறே அமைந்தது. கொல்கத்தா தேசிய நூலகத்தின் பெயராலேயே ஓர் எழுத்துப்பெயர்ப்பு முறை இன்றும் வழங்குகிறது. அம்முறை ஒலியைப் பின்பற்றுவதில்லை, எழுத்தைப் பின்பற்றுகிறது. ‘மனோன்மணீயம்’ என்பதில் இரண்டு றன்னகரங்களுக்கும் கீழே கோடு. டண்ணகரத்துக்குக் கீழே புள்ளி. ஓகாரத்துக்கும் ஈகாரத்துக்கும் மேலே கோடு. பல பட்டியல்கள் இக்கோடு புள்ளிகளை விட்டுத் தேடினாலும் கண்டுகொள்ளும். நானோ ஈகாரத்துக்கு ஆங்கிலத்தின் ‘இ’ எழுத்தை இரட்டித்து இட்டிருந்தேன். பட்டியலில் இருந்தது ஒற்றை ‘ஐ’. இந்த ஓர் எழுத்தால் நூலே இல்லை என்றாயிற்று! ஆசிரியர் பெயரும் அப்படியே. சுந்தரம் என்பது ஒலியைப் பின்பற்றினால் ‘எஸ்’ஸில் தொடங்கும், எழுத்தைப் பின்பற்றினால் ‘சி’யில் தொடங்கும். சோழரைப் பற்றி நீலகண்ட சாஸ்திரியார் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பில் சோழர் ‘சி’யோடு நிற்கின்றனர், ‘எச்’ இல்லை.

தமிழிலேயே தேடினாலும் இடர் உண்டு. ‘னோ’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒருமைப்படுத்தாத பொறிக்கு இரண்டும் வேறு.

ஆகவே என் நிரல் ஐந்து வேலைகள் செய்கிறது. தமிழ்ப் பெயரை வாங்கிக் குறிகளை ஒருமைப்படுத்துகிறது. எழுத்துப்படி, குறி நீக்கியபடி, ஒலிப்படி எனப் பல வடிவங்களை ஆக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் முகவரி அமைத்துக் கேட்கிறது. வந்த பதிவுகளில் வேண்டிய புலங்களை எடுக்கிறது. ஒரே பதிவு இருமுறை வந்தால் பதிவெண்ணைப் பார்த்து ஒன்றாக்குகிறது. பைத்தான் மொழியில் நாற்பது வரிதான். அதே பட்டியலில் மீண்டும் கேட்டேன். இல்லாத நூல் வந்து நின்றது.

இதில் ஒரு பாடமும் கற்றேன். முதல் நாள் இடைவெளியின்றி நூற்றுக்கணக்கான கேள்விகளை அனுப்பினேன். அந்நூலகத்தின் பொறி என் முகவரிக்குக் கதவடைத்தது, குற்றம் என்னுடையதே. அதைவிடத் தீமை, கதவடைப்பையும் என் நிரல் ‘நூல் இல்லை’ என்றே குறித்துக்கொண்டது. பிறகு கேள்விக்குக் கேள்வி மூன்று நொடி பொறுக்கச் செய்தேன். ‘விடை வரவில்லை’ என்பதையும் ‘விடை பூஜ்யம்’ என்பதையும் வேறு வேறாகக் குறிக்கச் செய்தேன். நூலகத்தின் விதிகளையும் முன்னதாகப் படித்துக்கொள்கிறேன்.

பழக விரும்பும் நண்பர்கள் கோஹா என்னும் நூலக மென்பொருளைத் தம் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளலாம். நியூசிலாந்தில் பிறந்து 2000இல் வெளிவந்தது, விலையில்லாதது, மாவோரி மொழியில் ‘கோஹா’ என்றாலே அன்பளிப்பு. நம் சங்கத்தின் அலமாரியில் உள்ள நூல்களை அதில் ஏற்றி, தமிழிலும் ரோமனிலும் தலைப்பு இட்டுப் பார்த்தால் நான் சொன்னதெல்லாம் ஒரு மாலையில் விளங்கிவிடும்.

வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று 1931இல் வகுத்துரைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்த நேரத்தை நிரல் காக்கும், ஐயமில்லை. ஆனால் ஏற்றாத அட்டையை எந்த நிரலும் காணாது. எல்லா வடிவங்களும் பூஜ்யம் என்று வந்தாலும், நான் இப்போது ‘இல்லை’ என்று எழுதுவதில்லை. ‘இப்பட்டியலில், இந்நாளில், இவ்வடிவங்களில் தேடினேன், கிடைக்கவில்லை’ என்று எழுதுகிறேன். பிறகு பாலத்தைக் கடந்து நேரே போய், அங்கே இருப்பவரைக் கேட்கிறேன்.