ஒரே ஒரு சட்டிச் செடிக்கும் ஆயுள் தண்டனை

லாபு, ரந்தாவ், சுவா பெத்தோங் பக்கத்துத் தோட்டங்களில் லயன் வீட்டுப் பின்கட்டு என்றால் கறிவேப்பிலை, முருங்கை, துளசி எல்லாம் இருக்கும். நெகிரி செம்பிலானின் தோட்ட நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களுக்கு மண்ணும் போயிற்று, பின்கட்டும் போயிற்று. மிஞ்சியது சட்டியும் பால்கனியும்தான்.

அதே வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் இன்னொரு வகைத் தோட்டம் ஓடுகிறது. அலமாரிக்குள் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்க்கும் காணொளிகள் அவை. பலவும் அதற்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் எடுக்கப்பட்டவை. பார்க்கிற பிள்ளை இருப்பது மலேசியாவில். அடுக்குமாடி அறைகளில் விளக்கு, காற்றாடி சகிதம் கஞ்சாச் செடிகள் பிடிபட்ட செய்திகள் இங்கும் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன.

“விற்கவில்லையே, ஒன்றிரண்டு செடிதானே, அதுவும் வீட்டுக்குள்தானே” என்பதுதான் இளைஞர்கள் சொல்லும் சமாதானம். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவுக்கு முன்னால் இந்த மூன்றுமே நிற்காது. கஞ்சாச் செடியை நடுவதும் வளர்ப்பதும் அந்தப் பிரிவில் குற்றம். எத்தனை செடி என்று அது கேட்பதில்லை. குற்றம் நிரூபணமானால் ஆயுள் தண்டனை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. மலேசியாவில் ஆயுள் தண்டனை என்பது 30 ஆண்டு. பெண்களுக்குப் பிரம்படி கிடையாது, சிறை உண்டு.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதே பிரிவில் இன்னொன்று இருக்கிறது. தன் வீட்டிலோ நிலத்திலோ தன் பொறுப்பிலுள்ள சட்டியிலோ அந்தச் செடி இருக்க விடுவதும் குற்றம்தான். “நண்பன் வைத்துவிட்டுப் போனான், தண்ணீர் மட்டும் ஊற்றினேன்” என்பவரும் மாட்டிக்கொள்வார். பிறருக்காகச் செய்வதையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. மகனின் அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் பேசாமல் இருக்கும் அம்மாவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடாக இருந்தால், அங்கே குடியிருப்பவர் என்ற முறையில் கேள்வி முதலில் அவரிடம்தான் வரும்.

செடியை அறுத்துக் காயவைத்தால் வேறு பிரிவுகள் வருகின்றன. சிறிய அளவு வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 50 கிராமைத் தொட்டால் குறைந்தது 5 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும். 200 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் பிடிபட்டவர் தலையில் விழும். கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை இப்போது இல்லை. 2023 ஜூலை 4 முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, மரணமா ஆயுள் தண்டனையா என்று நீதிபதி முடிவெடுக்கலாம். ஆனால் 6பி பிரிவில் நீதிபதிக்கு அந்த இடம்கூட இல்லை. கடத்தியவர் தூக்கிலிருந்து தப்பினால் பெறும் அதே ஆயுள் தண்டனையை, அறைக்குள் ஒரு செடி வளர்த்தவரும் பெறுகிறார். இது நியாயமான அளவு என்று எனக்குத் தோன்றவில்லை; நாடாளுமன்றம் இதையும் எடுத்துப் பேச வேண்டும். அதுவரை இருப்பது இந்தச் சட்டம்தான்.

தாய்லாந்தைக் காட்டிப் பேசுபவர்களும் உண்டு. அங்கே 2022 ஜூன் 9 அன்று கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று அந்த நாடே கட்டுப்பாட்டுக்குத் திரும்பியது. மருந்து என்ற வாதத்துக்கும் இங்கே எல்லை உண்டு. கஞ்சா கலந்த மருந்தை முறைப்படி பதிவு செய்து, உரிமத்தோடு இறக்குமதி செய்ய வழி இருப்பதாக 2021இல் சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அது மருந்துக்கான வழி. வீட்டில் செடி வைக்க யாருக்கும் அது அனுமதி தரவில்லை. 2018இல் கஞ்சா எண்ணெய் வழக்கில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் ஓர் இளைஞருக்கு மரண தண்டனை விதித்தபோது நாடே அதிர்ந்தது. நோயாளிகளுக்காகத்தான் வைத்திருந்தேன் என்று அவர் சொன்னது அந்த நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

பிள்ளை பழக்கத்துக்கு ஆளாகிவிட்டான் என்று தெரிந்தால், போலீஸ் கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்திடம் தானாக முன்வந்து சிகிச்சை கேட்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பழக்கத்துக்கு மருந்து உண்டு. வளர்த்த குற்றத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

கைது நடந்துவிட்டால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரைச் சந்திக்கவும் அரசியலமைப்பின் 5ஆவது விதி உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 6பி குற்றச்சாட்டுக்கு ஜாமீன் கிடையாது. அதனால் ஜாமீன் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருபவரிடம் கொடுத்து ஏமாற வேண்டாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தைக் கேட்கலாம். கைதான குடிமக்களுக்கு அது இலவசமாக உதவுகிறது. வழக்கறிஞர் வரும்வரை பிள்ளை எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்திட அவசரப்படக் கூடாது.