உள்காது வளர்வதில்லை: ஜவ்வாது மலைப் பயணம் காட்டும் உண்மை

பெருநாள் விடுமுறையில் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு வேனில் போய்வந்த குடும்பங்களுக்குத் தெரிந்த காட்சிதான் இது. 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர் வானாய்வகம் வரை ஏறி இறங்குவதற்குள் கைக்குழந்தை வீறிட்டு அழும். எட்டு வயதுப் பையன் வாந்தி எடுப்பான். அத்தாவுக்குக் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் விட்டுவிடும். நன்னிக்கோ வேன் இரைச்சலில் நாம் பேசுவது எதுவுமே விளங்காது.

வயதோடு உள்காதும் வளரும் என்றுதான் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நத்தை ஓடு போல் இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும் கேட்கும் உறுப்பும், சமநிலை காக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் கர்ப்பத்தின் ஆறாம் மாதவாக்கிலேயே பெரியவர்களின் அளவை ஏறக்குறைய எட்டிவிடுகின்றன. பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்கிறோமே, அதைக் கேட்கும் உள்காதின் அளவும் நம்முடைய உள்காதின் அளவும் ஒன்றுதான்.

வளர்வது நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் செல்லும் குழாய். குழந்தைக்கு அது சுமார் 18 மில்லிமீட்டர், படுக்கைவாட்டில் இருக்கும். பெரியவர்களுக்கு அதைப்போல் இரு மடங்கு நீளம், நல்ல சரிவு. அதனால்தான் சிறு பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் காதும் வலிக்கிறது. மலை இறங்கும்போது பால் கொடுத்தால், விழுங்கும்போது குழாய் திறந்து வலி குறையும். பையனின் வாந்திக்குக் காதின் அளவு காரணமல்ல. கண் சொல்வதும் உள்காது சொல்வதும் ஒத்துப்போகாமல் மூளை குழம்புகிறது. 2 முதல் 12 வயது வரை இது அதிகம்.

நன்னியின் கதை வேறு. ஒவ்வொரு உள்காதிலும் ஒலியை உணரும் செல்கள் சுமார் 15,000 உண்டு. அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. கீச்சொலிகளை உணர்பவை முதலில் போகும். ச, த போன்ற எழுத்துகள் நழுவிவிடுவதால் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. கத்திப் பேசிப் பயனில்லை, முகம் பார்த்து நிதானமாகப் பேச வேண்டும்.

உள்காது பிறக்கும்போதே முழு அளவில் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு ஒரு வயதுவாக்கிலேயே காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாம். வளர வளர உள்ளே வைத்த கம்பியை மாற்ற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை உண்டு. ஆனால் பேச்சைக் கற்கும் மூளை அதுவரை காத்திருக்காது. "இவன் அத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று சொல்லியே மூன்று வருடத்தைக் கழித்துவிடுகிறோம். நெருங்கிய சொந்தத்தில் மணமுடித்த குடும்பங்களில் பரம்பரைக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தட்டைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது, அதிர்வை உணர்ந்தும் பிள்ளை திரும்பும். தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் பரிசோதனை இருக்கிறது. அதைப் பிறந்த முதல் மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவமனையிலேயே கேளுங்கள்.